தோற்றவர் யாரைத் திட்டுகிறார்?

“ஏட்டி, ‘வந்தான்’ தமிழ்ச் சொல்லே இல்லையாம்லா? உன் கேம் சொல்லுது.”

2022 பொங்கல் முடிந்த வாரம், காலை ஆறு மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து போன். பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும்படி நான் எழுதிய சொல் விளையாட்டை அன்றுதான் முதன்முறையாகத் திறந்திருக்கிறார். முதல் சொல்லாக ‘வந்தான்’ என்று தட்டியிருக்கிறார். வ, ந், தா, ன். நான்கு எழுத்து, நான்கு கட்டம், எல்லாம் சரி. ஆனால் நான் ஏற்றியிருந்த அகராதிப் பட்டியலில் ‘வா’ இருந்தது, ‘வருகை’ இருந்தது, ‘வந்தான்’ இல்லை. கட்டம் இடதும் வலதுமாக ஆடி, ‘இது சொல் அல்ல’ என்று அவருக்கே பாடம் நடத்தியிருக்கிறது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து எழுதினேன்: ‘பெரியம்மா மாட்டிக்கொண்டார், திட்டு விளையாட்டுக்கு.’ அன்றிலிருந்து யாரிடம் விளையாடக் கொடுத்தாலும் இந்த ஒன்றைத்தான் கவனிக்கிறேன். தோற்றதும் வாயிலிருந்து விழும் முதல் திட்டு யாருக்கு? “சே, அதைப் பார்க்காம விட்டுட்டேனே” என்றால் அவர் நாளைக்கும் வருவார். “என்ன கேம் இது” என்றால் வரமாட்டார். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு என்றால் கொடுத்த காசுக்காவது இரண்டு நாள் ஆடிப் பார்ப்பார்கள். பிரவுசரில் ஓசியாகத் திறந்ததை மூட ஒரு தட்டு போதும்.

இந்தக் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசருக்குள் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஓடும் விளையாட்டுகளை ஆடிய தலைமுறை நாங்கள். லோடிங் கோடு நூறு சதவீதம் தொடுவதற்குள் இரண்டு ரூபாய் கரைந்துவிடும். தோற்றதும் மெனு, மெனுவுக்குப் பிறகு விளம்பரம், அப்புறம் மறுபடி லோடிங் என்று போகும் விளையாட்டை ஒரு தரத்துக்கு மேல் யாரும் தொடமாட்டோம். தோற்ற இடத்திலேயே ஒரு பட்டனைத் தட்டினால் மறுபடி ஓடுகிறதா, அதற்குத்தான் வரிசை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷின் ஆயுள் முடிந்தது. அந்த விளையாட்டுகளில் பாதிக்கு மேல் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. தட்டினால் உடனே ஓடிய இரண்டு மூன்று மட்டும் விரலில் இன்னும் இருக்கின்றன.

நியாயமாகத் தோற்கடிப்பது எப்படி என்பதில் என் வாத்தியார், குரோமில் இணையம் போனால் வரும் டைனோசர். 2014-ல் வந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குதிக்கும், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் குனியும், அவ்வளவுதான். ஓடும்போது வெறும் அதிர்ஷ்டம் மாதிரி தெரியும். குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் கோட், அதாவது நிரல் வரிகள், பொதுவில் திறந்தே இருப்பதால் ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, இது எவ்வளவு கரிசனமான விளையாட்டு என்று. கள்ளிச்செடிகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஓட்டத்தின் வேகத்தோடு சேர்ந்து நீள்கிறது. குதிக்கவே முடியாத இடத்தில் அடுத்த செடி வந்து நிற்காது. ஒரே வகைத் தடை தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வராது. டைனோசரின் உடம்பைச் சுற்றி ஒரே பெரிய செவ்வகம் போட்டு ‘இடித்துவிட்டது’ என்று சொல்லிவிடவில்லை. தலை, வயிறு, கால் என்று தனித்தனிச் சிறு பெட்டிகள். வாலுக்கு மேலே இருக்கும் வெற்று இடம் செடியில் பட்டால் சாவு இல்லை. கண்ணுக்குத் தப்பித்தால் கணக்கிலும் தப்பித்தாய்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இடித்துச் செத்ததும் ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஸ்பேஸ் பார் வேலை செய்யாது. பதற்றத்தில் இன்னும் இரண்டு தரம் தட்டிக்கொண்டே இருப்போம் அல்லவா? அந்தத் தட்டில் புது ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் எடுத்த புள்ளியையும் பார்க்க முடியாது, எப்படிச் செத்தோம் என்பதும் தெரியாது. தன் தவறைத் தானே பார்த்துக்கொள்ள அந்த ஒரு நொடி. அதற்கு மேல் காக்க வைத்தால் எரிச்சல். மெனுவும் இல்லை, வாழ்த்தும் இல்லை.

2048 இதற்கு நேர் எதிர்ப்பக்கம். எண் கட்டங்களைத் தள்ளி, ஒரே எண் இரண்டை மோதவிட்டு ஒன்றாக்கி, 2048 வரை பெருக்க வேண்டும். அவசரமே இல்லை. 2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் எழுதிப் போட்டது. அவருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். ஒரு மாதம் முன்னால் வந்த திரீஸ் என்ற போன் விளையாட்டுக்கு அதைச் செய்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்திருந்தார்கள். நகலின் நகல் உலகம் சுற்றியதில் அவர்களுக்கு வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம்தான். ஆனாலும் 2048-ல் தோற்கும் விதம் அழகு. நாலுக்கு நாலு கட்டத்தில் நம் கட்டுப்பாட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முளைக்கும் புதுக் கட்டம். பத்தில் ஒன்பது தடவை அது 2, ஒரு தடவை 4. மற்ற நெரிசல் எல்லாம் நாம் சேர்த்துவைத்தது. மூலையில் பத்திரமாக வைத்திருந்த 512-ஐ வேறு வழியில்லாமல் மேலே தள்ளிய அந்த ஒரு நகர்த்தல், இருபது நகர்த்தல் கழித்து மூச்சை அடைக்கும்போது ஞாபகம் வரும். சாவு முன்கூட்டியே தெரிந்து, மெதுவாக வரும். என் அண்ணன் ஆபீஸ் பஸ்ஸில் இதை ஆடும்போது பார்த்திருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தன்னைத்தானே திட்டிக்கொள்வான்.

தோல்வியே இல்லாத வகை ஒன்றும் உண்டு. குக்கி கிளிக்கர், 2013. பிஸ்கட்டைத் தட்டு, பிஸ்கட் சேரும், பிஸ்கட் கொடுத்து பிஸ்கட் சுடும் பாட்டியை வாங்கு. ஒவ்வொரு பாட்டியின் விலையும் முந்தையதைவிட 15 சதவீதம் கூடும். அதனால் அடுத்தது எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கும். இதிலும் திட்டு தனக்குத்தான், ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு. அந்த வகை திட்டை என் விளையாட்டு வாங்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

என் விளையாட்டுக்கு வித்து வேர்டில். தினம் ஒரு சொல், ஆறு முயற்சிக்குள் ஊகிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரி என்றால் கட்டம் பச்சை, எழுத்து சரி, இடம் வேறு என்றால் மஞ்சள், விடையிலேயே இல்லை என்றால் சாம்பல். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள்காரர் நியூயார்க்கில் தன் துணைவி பலக் ஷாவுக்காக எழுதியது. 2021 நவம்பர் முதல் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம். ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. எல்லோரும் அந்தப் பச்சை மஞ்சள் கட்டங்களைப் பகிர்ந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஏறத்தாழ 12,000 உண்டு. அத்தனையையும் விடையாக வைக்காமல், பலக் ஷா உட்கார்ந்து தனக்குத் தெரிந்தது, தெரியாதது என்று பிரித்துச் சுமார் 2,500 ஆகக் குறைத்தார். விடையைப் பார்த்ததும் ‘அட, இதுதானா’ என்று நாக்கைக் கடிக்கவைப்பது அந்தப் பிரிப்புதான். அந்த வேலையை ஒப்புக்குச் செய்து, கோட் எழுதுவதில் நேரத்தைப் போட்டேன்.

கோட் எழுதுவதும் சும்மா இல்லை. ‘வந்தான்’ எத்தனை எழுத்து என்று பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 7 என்று சொல்லும். புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்து எழுத்தாக வெட்டிக் கொடுக்கும் வசதி அப்போது குரோமில் இருந்தது, ஃபயர்ஃபாக்ஸில் இல்லை. அங்கே 2024-ல்தான் வந்தது. கடைசியில் நானே ஒரு சிறு வெட்டுக்கத்தி எழுதினேன்: உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புது எழுத்து, குறியோ புள்ளியோ வந்தால் முந்தையதோடு ஒட்டு. பத்து வரிகூட இல்லை. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கொ’ என்பதன் குறி கணினிக்குள் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிட்டால் வேறு. சரியான விடையைத் தட்டியவனிடம் ‘தப்பு’ என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் கிடையாது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க நார்மலைஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் அதை ஓட்டிவிடுங்கள்.

‘கௌ’வுக்குப் பதில் கெ, ள என்று அடிப்பவர்களை அந்தக் கட்டளையும் காப்பாற்றாது. அதற்காகவே போனின் சொந்தக் கீபோர்டை விட்டுவிட்டு, திரையிலேயே 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் என்று என் பலகையை வைத்தேன். க்-ஐயும் ஔ-வையும் தட்டினால் கௌ. பெரியம்மாவுக்கு அது மட்டும் பார்த்ததும் பிடித்துவிட்டது. “இப்படித்தான ஒண்ணாப்புல சொல்லிக்குடுத்தேன்.”

‘வந்தான்’ சிக்கலைத் தீர்த்துவைத்தவரும் அவரேதான். தமிழில் ஒரு வினையடிக்கு எத்தனை உருவம்! வந்தான், வந்தாள், வந்தது, வராமல், வந்தால். அத்தனையையும் பட்டியல் போட முடியாது. “பட்டியல் எதுக்குட்டி? மொழி முதல்ல எது வரும், கடைசில எது வரும்னு இலக்கணம் இருக்குல்லா? அதப் போடு.” போட்டேன். மெய்யில் ஆரம்பிக்கக் கூடாது, வல்லின மெய்யில் முடியக் கூடாது, க், ச், த், ப் என்ற நான்குக்கும் பின்னால் அதே இனம்தான் வரவேண்டும், ர்-உம் ழ்-உம் தன்னைத்தானே இரட்டிக்கக் கூடாது. டம்ளர் மாதிரி வந்து ஒட்டிக்கொண்ட சொற்களுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்குப் பட்டியல். இவ்வளவு தாண்டினால் போதும், அர்த்தம் இருக்கிறதா என்று விளையாட்டு கேட்காது. அர்த்தமில்லாததைத் தட்டி ஏமாற்றுவார்களே என்று பயந்தேன். ஆறே வாய்ப்பு, அதில் ஒன்றை வீணாக்குவது அவரவர் பாடு. விளையாட்டு மீது வந்துகொண்டிருந்த திட்டில் பாதி அன்றோடு நின்றது.

அடுத்து வந்தது ‘ட்டம்’ வியாதி. ஒரு நாள் விடை ‘கூட்டம்’. முதல் முயற்சியிலேயே ‘பட்டம்’ போட்டவருக்குக் கடைசி மூன்று கட்டமும் பச்சை. சந்தோஷமாக ஆரம்பித்தார். சட்டம், வட்டம், திட்டம், தோட்டம், ஆட்டம். ஆறு முடிந்தது. நாட்டம், வாட்டம், ஓட்டம், மட்டம், கட்டம் எல்லாம் இன்னும் மிச்சம். ஆங்கிலத்திலும் இப்படிக் கூட்டுக் குடும்பங்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. சந்தேகப்படும் நான்கு முதல் எழுத்துகளையும் ஒரே சொல்லில் அள்ளிப்போட்டு, எது மஞ்சளாகிறது என்று பார்க்கலாம். தமிழில் அது பலிக்காது. ‘க’ போட்டுப் பார்த்தால் ‘கூ’ மஞ்சளாகாது, இரண்டும் வேறு வேறு எழுத்து. இருபத்தாறு எழுத்துக்குத் தைத்த சட்டையை 247-க்கு மாட்டினால் அக்குளில் கிழிகிறது.

அதனால் நான்காவதாக ஒரு நிறம் சேர்த்தேன். அதே இடத்தில் மெய் சரி, உயிர் மட்டும் வேறு என்றால் நீலம். ‘கட்டம்’ என்று போட்டவருக்கு முதல் கட்டம் நீலமானால் கூட்டம், கொட்டம் என்று தேடல் சட்டெனச் சுருங்கும். அந்த உற்சாகத்தில் உயிர் சரி, மெய் வேறு என்பதற்கு ஊதா, மெய் வேறிடத்தில் இருந்தால் ஆரஞ்சு என்று அடுக்கிக்கொண்டே போனேன். பெரியம்மா பார்த்தார். “கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு.” ஊதாவையும் ஆரஞ்சையும் அன்றைக்கே பிடுங்கினேன். நீலம் இருக்கிறது.

நீலம் இருந்தும் ட்டம் குடும்பத்தை விடைப் பட்டியலில் வைக்க மனது வரவில்லை. முதல் எழுத்து மட்டும் மாறினால் நாலைந்துக்கு மேல் சொல் கிடைக்கும் எதையும் விடையாக வைப்பதில்லை என்று ஒரு வடிகட்டி எழுதினேன். சத்தம், முத்தம், ரத்தம், சுத்தம் எல்லாம் போயிற்று. எண்ணம், வண்ணம், கிண்ணம் போயிற்று. அன்றாடம் புழங்கும் நல்ல சொற்கள், கை நடுங்கத்தான் செய்தது. முயற்சியாக யாரும் தட்டலாம், விடையாக மட்டும் வராது.

வடிகட்டியில் மிஞ்சியதைப் பெரியம்மாவிடம் கொடுத்து, தெரிந்ததற்கெல்லாம் டிக் போடச் சொன்னேன். இது நான் செய்த பெரிய முட்டாள்தனம். அவருக்குத் தெரியாத சொல் எது? எல்லாவற்றுக்கும் டிக். ‘பனுவல்’ விடையாக வந்த அன்று கொஞ்சம் முணுமுணுப்பு. ‘அளகம்’ வந்த அன்று ரகளை. கூந்தல் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘அழகு’ என்று எழுதத் தெரியாதவர்கள் எல்லாம் விளையாட்டு போட வந்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் தோற்ற கோபத்தில் எழுதியது, அவர் பக்கம்தான் நியாயம். அப்புறம் தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் சித்தி பையனிடம் பட்டியலைக் கொடுத்தேன். “அக்கா, இதுல பாதி பரீட்சைல வர்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு வாரத்தில் முடித்தான். அவனுக்குத் தெரிந்தது மட்டும் விடை. ஆயிரத்துச் சொச்சம் தேறியது. நான்கு நாள் கோட் எழுதியதைவிட அந்த இரண்டு வார டிக் மார்க்தான் விளையாட்டைத் தூக்கி நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

தப்பு செய்து நல்லதாக முடிந்த ஒரே விஷயம் நேரம். புதுச் சொல் எப்போது மாற வேண்டும் என்பதை யோசிக்காமல், உலகப் பொது நேரத்தின் நள்ளிரவை வைத்துவிட்டேன். நம் ஊரில் அது காலை 5.30. ராத்திரி பன்னிரண்டுக்குக் காத்திருந்தவர்கள் கேட்டார்கள், மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் பெரியம்மா அதைக் காப்பியோடு சேர்த்துவிட்டிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகளுக்குக் காலை எட்டு மணி, டொராண்டோவில் இருக்கும் மாமாவுக்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். எல்லோருக்கும் ஒரே நொடியில் சொல் மாறுவதால் குடும்பக் குழுவில் யாரும் யாருக்கும் விடையைப் போட்டு உடைப்பதில்லை. அவரவர் ஊர் நள்ளிரவில் மாறியிருந்தால் சிங்கப்பூர்க்காரி தினமும் முந்தியிருப்பாள்.

தரவரிசைப் பட்டியல் வைத்த கதையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. விடைகள் எல்லாம் பக்கத்தோடு சேர்ந்தே பிரவுசருக்குள் இறங்கிவிடுகின்றன. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் திறந்து படித்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் முதல் பத்து இடமும் ‘முதல் முயற்சியிலேயே’ ஆட்களுக்குப் போனது. அதுவரை தன்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்தவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். பட்டியலை எடுத்த பிறகும் சிலர் திரும்பவில்லை. தொடர்ச்சியாக எத்தனை நாள் ஜெயித்தோம் என்ற எண் மட்டும் இருக்கிறது, அவரவர் பிரவுசருக்குள், அவரவர் கண்ணுக்கு. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சமூக ஊடகச் செயலிக்குள்ளிருந்தே லிங்க்கைத் திறந்தால் அது தனி பிரவுசர், தனி நினைவு. நாற்பது நாள் கணக்கு பூஜ்யமாகத் தெரியும். அப்படித் திறந்தவர்களுக்கு ‘உங்கள் வழக்கமான பிரவுசரில் திறங்கள்’ என்று மேலே ஒரு வரி காட்டுகிறேன். அழகாக இல்லை, ஆனால் திட்டு குறைந்தது.

தோற்ற பிறகு வரும் திரையை மட்டும் எத்தனை முறை மாற்றினேன் என்று கணக்கில்லை. முதலில் ‘அடடா! நாளை முயலுங்கள்!’ என்று ஒரு அழும் பொம்மை. பிறகு பகிரச் சொல்லி ஒரு பெட்டி. பெட்டி விடையை மறைத்துக்கொண்டு நின்றது, அதை மூடும் அவசரத்தில் பக்கத்தையே மூடிவிட்டுப் போனார்கள். இப்போது ஒன்றும் இல்லை. ஆறு வரிசையும் அப்படியே நிற்கும், கீழே விடை, அதன் கீழே ஒரு வரியில் பொருள். தான் போட்ட ஆறையும் விடையையும் ஒன்றாகப் பார்க்கட்டும்.

போன மாதம் ஒரு காலை, 5.50-க்குப் பெரியம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் பதறிப்போய் என்னவென்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லட்டி. ஆறும் போச்சு. மூணாவதுலயே ‘க்’ பச்சையாயிட்டு, கடைசி எழுத்து நீலம். ளகரம்னு தெரியுது, என்னென்னமோ போட்டுப் பாக்கேன், வர மாட்டேங்கு.”

“என்ன சொல்லு பெரியம்மா?”

“தக்காளி. ரசத்துக்கு அதத்தான் நறுக்கிக்கிட்டு இருக்கேன். கையில வச்சுக்கிட்டு யோசிச்சிருக்கேன் பாரு, என்னை எத வச்சு அடிக்க?”